ஓப்பனிங்கில் யாருக்கு நல்லம், ஏன் நல்லம்? ஒரு நிலையைப் படிக்கும் ஒழுங்கு

செஸ் பழகும் பிள்ளையிடம் பத்தாவது நகர்வில், அதாவது ஓப்பனிங் என்னும் ஆட்டத் தொடக்கத்தில், நிற்கும் பலகையைக் காட்டி "ஆருக்கு நல்லம்?" என்று கேட்டால் மறுமொழி உடனே வரும்: "வெள்ளைக்கு. எஞ்சின் பிளஸ் 1.2 காட்டுது." "ஏன்?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். வலய மட்டப் போட்டியில் மேசைக்குப் பக்கத்தில் எஞ்சின், அதாவது நிலைக்கு எண் போடும் கணினி நிரல், இருக்காது. எதிராளி பாடமாக்காத ஒரு நகர்வை ஆடியதும், எண்ணை மட்டும் தெரிந்த பிள்ளையின் கையில் ஒன்றும் மிஞ்சாது. காரணம் தெரிந்த பிள்ளை அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டே அடுத்த நகர்வைத் தேடும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஒழுங்கு உண்டு. அதை மாற்றினால் வேலை கெட்டுவிடும். ராணி வெட்டுப்படப் போகும் நிலையில் சிப்பாய் அமைப்பைப் பற்றி அரை மணித்தியாலம் யோசித்துப் பயனில்லை. அதனால் கீழே உள்ள படிகளை வரிசையாகவே செய்யுங்கள்.

குறியீடு: நிரல்களை இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று எழுதுகிறேன். குதிரை "கு", மந்திரி "ம", கோட்டை "கோ". ராணியும் ராஜாவும் முழுப் பெயரில் வரும். "×" வெட்டு, "+" செக். காய் குறிக்காவிட்டால் அது சிப்பாய் நகர்வு. எழுத்துக்குப் பின்னால் வரும் எண், வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் வரிசை (1 முதல் 8). நகர்வு எண்ணுக்குப் பின்னால் "..." வந்தால் அது கறுப்பின் நகர்வு.

1. உட்காருவதற்கு முன்

உண்மையான பலகையும் காய்களும் வேண்டும். கைபேசித் திரையில் பார்க்கும்போது விரல் தானாகவே அடுத்த நகர்வைத் தட்டும். கண் ஓரிடத்தில் நிற்காது. பலகையில் காயைத் தூக்கி வைக்க நேரம் எடுக்கும், அந்த நேரத்தில்தான் கட்டங்கள் மனதில் பதியும்.

ஒரு சிஆர் கொப்பியும் பென்சிலும் எடுங்கள். எஞ்சினை நிறுத்திவிடுங்கள். எண்ணை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் காரணம் தேடுவதில்லை; கண்ட எண்ணுக்குப் பொருத்தமான கதை கட்டுகிறீர்கள்.

நிலையின் படம் மட்டும் போதாது, முதல் நகர்விலிருந்து வரிசை முழுவதும் வேண்டும். யாருடைய முறை, யாருக்கு இன்னும் காஸ்லிங் (ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) உரிமை இருக்கிறது, எந்தக் காய் எத்தனை தரம் நகர்ந்தது என்பதெல்லாம் வரிசையில்தான் தெரியும். ஒரு நிலைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்குப் போவதற்குள் அவ்வளவுதான் கிடைக்கும். அதற்குள் மூன்று நிலைகளை அடுக்காதீர்கள்.

நிலையை உங்கள் சொந்த ஸ்கோர் ஷீற்றிலிருந்து (ஆடும்போது நகர்வுகளை எழுதிய தாள்) எடுங்கள். ஆடாத ஓப்பனிங்கில் கண்ட காரணம் அடுத்த வாரமே மறந்துபோகும்.

2. எங்கே நிறுத்துவது

வெட்டுக்கு நடுவில் நிறுத்தி மதிப்பிடக் கூடாது. வெள்ளை ஒரு சிப்பாயை வெட்டியிருக்கிறது, கறுப்பு அதைத் திருப்பி வெட்டவில்லை என்றால், அந்த நிமிடத்தில் எண்ணும் காய்க் கணக்கு பொய். வெட்டும் செக்கும் அடங்கி, இரு பக்கமும் மூச்சு விடும் இடத்தில் நிறுத்துங்கள்.

அடங்கிவிட்டதா என்று பார்க்க எளிய வழி: முறை உள்ளவர் செய்யக்கூடிய எல்லா வெட்டுகளையும் செக்குகளையும் கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுமொழி கிடைத்தால் நிலை அமைதியானது. ஒன்றுக்காவது மறுமொழி தெரியாவிட்டால் அந்த வழியே இன்னும் இரண்டு நகர்வு போய், அங்கே நிறுத்துங்கள்.

3. முதலில் மிரட்டல்

பலகையைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: முறை உள்ளவர் இப்போது ஒன்றும் செய்யாமல் விட்டால், மற்றவர் என்ன செய்வார்? பிறகு பக்கத்தை மாற்றியும் கேளுங்கள். இதை முதலில் செய்வதற்குக் காரணம், உண்மையான மிரட்டல் ஒன்று இருந்தால் மற்ற எல்லா நன்மையும் அதற்குப் பின்னால்தான் நிற்கவேண்டும் என்பது.

இங்கே பெரிய இடறல், மிரட்டல்போலத் தெரிவதையெல்லாம் மிரட்டல் என்று எழுதிவிடுவது. பிரெஞ்சு டிஃபென்ஸில் இதைக் கிட்டப் பார்ப்போம்:

1. ஈ4 ஈ6 2. டி4 டி5 3. ஈ5 சி5 4. சி3 கு-சி6 5. கு-எஃப்3 ராணி-பி6 6. ம-டி3

டி4 கட்டத்தை எண்ணுங்கள். கறுப்புக்கு சி5 சிப்பாய், சி6 குதிரை, பின்னால் பி6 ராணி என்று மூன்று காய்கள். வெள்ளைக்கு சி3 சிப்பாயும் எஃப்3 குதிரையும்தான். டி1 ராணியின் பார்வையை டி3 மந்திரி மறைத்துவிட்டது. மூன்றுக்கு இரண்டு என்பதால் கறுப்பு ஒரு சிப்பாயை எடுத்துவிடும் என்று கணக்குச் சொல்கிறது. ஆடிப் பாருங்கள்: 6... சி×டி4 7. சி×டி4 கு×டி4 8. கு×டி4 ராணி×டி4 9. ம-பி5+. மந்திரி செக் கொடுத்தபடி விலகியதும் டி1 ராணிக்கு டி4 ராணி வரை வழி திறக்கிறது. கறுப்பு ஒரு சிப்பாய்க்காக ராணியை இழக்கிறது.

இப்போது ஒரே ஒரு நகர்வை மாற்றுங்கள். 7... கு×டி4க்குப் பதிலாக 7... ம-டி7. டி7 அடைபட்டதால் பி5இல் இனிச் செக் இல்லை. வெள்ளை 8. காஸ்லிங் செய்தால் 8... கு×டி4 9. கு×டி4 ராணி×டி4 என்று சிப்பாய் உண்மையாகவே போகிறது. வெள்ளை 10. கு-சி3 ஆடி, சிப்பாய்க்குப் பதிலாகக் காய்களை வேகமாக இறக்கும் கம்பிட்டாக அதை நடத்தலாம்; அது வேறு கதை. மிரட்டலைக் கடைசி நகர்வு வரை ஆடி முடித்த பிறகே கொப்பியில் எழுதவேண்டும். எண்ணிக்கை வழி காட்டும், தீர்ப்புச் சொல்லாது.

4. காய்க் கணக்கு

சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி 3, கோட்டை 5, ராணி 9. இதைக் கூட்டுவது அரை நிமிட வேலை. பலகையில் நிற்பதை எண்ணுவதைவிட வெளியே கிடக்கும் வெட்டுப்பட்ட காய்களை எண்ணுவது வேகம், பிழையும் குறைவு.

வித்தியாசத்தை எழுதியதும் தீர்ப்பு எழுதக் கை ஓடும். நிறுத்துங்கள். 1. ஈ4 ஈ5 2. கு-எஃப்3 கு-சி6 3. ம-சி4 கு-எஃப்6 4. கு-ஜி5 டி5 5. ஈ×டி5 கு×டி5 6. கு×எஃப்7 ராஜா×எஃப்7 7. ராணி-எஃப்3+ ராஜா-ஈ6 8. கு-சி3. வெள்ளை ஒரு குதிரையும் ஒரு சிப்பாயும் இழந்து இரண்டு சிப்பாய் எடுத்திருக்கிறது. கணக்கில் வெள்ளை 2 பின்னால். ஆனால் பதறவேண்டியது கறுப்புத்தான். காரணம் 6ஆம் படியில் வரும்.

காய்க் கணக்கு சமமாக இல்லாவிட்டால் கொப்பியில் இப்படி எழுதுங்கள்: "வெள்ளை -2. பதிலுக்கு வெள்ளைக்கு என்ன கிடைத்தது?" அடுத்த படிகள் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்.

5. நகர்வுக் கணக்கு

ஓப்பனிங்கில் அதிகம் பிழைக்கும் படி இது. கொஞ்சம் நின்று செய்யுங்கள்.

"எத்தனை நகர்வு ஆடினார்கள்" என்று எண்ணக் கூடாது. இருவரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் ஆடியிருப்பார்கள். இப்போது நிற்கும் ஒவ்வொரு காயும் தொடக்கக் கட்டத்திலிருந்து அங்கே வந்து சேரக் குறைந்தது எத்தனை நகர்வு தேவை என்று எண்ணுங்கள். வெட்டுப்பட்டுப் போன காயின் நகர்வுகள் பூச்சியம்.

4ஆம் படியில் உள்ள வரிசையிலேயே ஐந்தாவது நகர்வில் கறுப்பு வேறு வழி எடுத்தால்: 5... கு-ஏ5 6. ம-பி5+ சி6 7. டி×சி6 பி×சி6 8. ம-ஈ2 எச்6 9. கு-எஃப்3 ஈ4 10. கு-ஈ5.

வெள்ளை பத்து நகர்வு ஆடியிருக்கிறது. பலகையில் மிஞ்சியது ஈ5 குதிரை (2), ஈ2 மந்திரி (1). மொத்தம் 3. மிச்ச ஏழும் ஓடி ஒளித்ததிலும், வெட்டுப்பட்டுப் போன சிப்பாயிலும் கரைந்தன. கறுப்பு ஒன்பது ஆடியிருக்கிறது: எஃப்6 குதிரை 1, ஏ5 குதிரை 2, ஈ4 சிப்பாய் 2, சி6 சிப்பாய் 1, எச்6 சிப்பாய் 1. மொத்தம் 7. அதற்கு மேல் முறையும் கறுப்புக்கு.

அடுத்து, கழிவு. திரும்பி எடுக்கவேண்டிய நகர்வுகளையும் உதவாத நகர்வுகளையும் வெட்டிவிடுங்கள். ஏ5 குதிரை ஓரத்தில் வேலையில்லாமல் நிற்கிறது, பிறகு உள்ளே திரும்பவேண்டும், 2ஐ வெட்டுங்கள். எச்6 குதிரையை விரட்டி முடித்துவிட்டது, இனி அதனால் பெரிய பயனில்லை. அதையும் வெட்டினால் கறுப்புக்கு 4. வெள்ளையின் 3இலும் ஈ5 குதிரை மீண்டும் விரட்டுப்படலாம். அதோடு கறுப்பின் இரண்டு மந்திரிகளுக்கும் ராணிக்கும் வழி திறந்திருக்கிறது. வெள்ளைக்கு சி1 மந்திரி இன்னும் அடைபட்டிருக்கிறது. வெள்ளையிடம் ஒரு சிப்பாய் கூட, கறுப்பிடம் வேகம் கூட. மூன்று நகர்வு முந்தினால் ஒரு சிப்பாய்க்குச் சமம் என்பது பழைய கைக்கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் இந்த நிலையை இரு பக்கமும் ஏன் துணிந்து ஆடுகிறார்கள் என்பது விளங்கும்.

கழிவைச் செய்யாமல் விட்டால் இந்தப் படி உங்களை ஏமாற்றும். 12ஆம் படியில் உள்ள நிலையில் வெறும் எண்ணிக்கை தலைகீழாகவே வரும்.

6. ராஜா

மூன்று விடயம் பாருங்கள். ராஜாவை நோக்கித் திறந்த கோடு இருக்கிறதா? எதிராளியின் எத்தனை காய்கள் இரண்டு நகர்வுக்குள் அந்தக் கோட்டுக்கு வரமுடியும்? காஸ்லிங் செய்ய இன்னும் எத்தனை நகர்வு வேண்டும்?

4ஆம் படியில் விட்ட நிலைக்கு வாருங்கள். கறுப்பு ராஜா ஈ6இல், பலகையின் நடுவில். டி5 குதிரையை வெள்ளையின் சி4 மந்திரி, எஃப்3 ராணி, சி3 குதிரை மூன்றும் பார்க்கின்றன. அந்தக் குதிரை அசையவும் முடியாது. அசைந்தால் சி4 மந்திரிக்கு ராஜா வரை வழி திறந்துவிடும். ராஜாவே குதிரைக்குக் காவல் நிற்பதால் அதுவும் விலகமுடியாது. ஒரு குதிரை கூட இருந்தும், அந்தக் குதிரையும் ராஜாவும் ஒன்றையொன்று கட்டிப்போட்டு நிற்கின்றன. வெள்ளை இழந்த 2க்குக் கிடைத்த விலை இதுதான்.

இதில் மறுபக்கப் பிழையும் உண்டு. காஸ்லிங் செய்யாத ராஜா எல்லாம் ஆபத்தில் என்று எழுதிவிடுவார்கள். பிரெஞ்சில் டி4, ஈ5 சிப்பாய்களும் டி5, ஈ6 சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்கும்போது நடு பூட்டிக் கிடக்கிறது. ஈ8 ராஜா அங்கே வெகுநேரம் நிம்மதியாக இருக்கலாம். கோடு திறக்காமல் ஆபத்து வராது.

7. நடுவும் இடமும்

"வெள்ளைக்கு இடம் கூட" என்று சொல்வது சுலபம். அதை எண்ணிக் காட்டுங்கள். உங்கள் சிப்பாய்கள் எதிராளியின் பாதியில், அதாவது நடுக்கோட்டுக்கு அப்பால், எத்தனை கட்டங்களைப் பார்க்கின்றன என்று எண்ணினால் போதும்.

பிரெஞ்சில் 3. ஈ5க்குப் பிறகு: வெள்ளையின் ஈ5 சிப்பாய் டி6, எஃப்6 கட்டங்களையும் டி4 சிப்பாய் சி5, ஈ5 கட்டங்களையும் பார்க்கின்றன. நான்கு. கறுப்பின் டி5 சிப்பாய் சி4, ஈ4 இரண்டையும் பார்க்கிறது. ஈ6 சிப்பாய் பார்ப்பதெல்லாம் தன் பாதிக்குள்ளேயே. இரண்டு. நான்குக்கு இரண்டு.

இடம் எதற்குப் பயன்? எஃப்6 கட்டம் பறிபோனதால் கறுப்புக் குதிரைக்கு இயல்பான வீடு இல்லை. வெள்ளையின் காய்களுக்கு ராஜா பக்கம் போகத் தாராளமான வழி உண்டு. காய்கள் நிறையப் பலகையில் நிற்கும் வரைதான் இந்த நன்மை. நாலு பேர் இருக்கும் சின்ன அறையில் ஆளுக்காள் இடிபடும். இருவர் வெளியே போனால் அதே அறை போதும். அதனால் நெருக்கத்தில் இருக்கும் பக்கம் காய் மாற்றி வெட்ட விரும்பும், இடம் உள்ள பக்கம் அதைத் தவிர்க்கும். பலகையில் இதைக் கண்டால் கொப்பியில் குறியுங்கள், பிறகு நகர்வு தேட உதவும்.

கூடவே, நெருக்கத்தை உடைக்கும் சிப்பாய் நகர்வுகளையும் எழுதுங்கள். கறுப்புக்கு சி5 ஒன்று, எஃப்6 மற்றது. இவற்றில் ஒன்றும் ஆடாமல் விட்டால் வெள்ளையின் நன்மை அப்படியே நிலைத்துவிடும். உடைக்கும் நகர்வு ஒரு பக்கத்துக்கும் இல்லாவிட்டால், இடத்தை வைத்து யாரும் வெல்லப்போவதில்லை.

8. நுங்கும் ஒடியலும்

நன்மையில் இரண்டு வகை உண்டு. நுங்கு வெட்டிய அன்றே தின்னவேண்டும், வைத்தால் கெட்டுவிடும். ஒடியல் காயவைத்து எடுத்தால் மாதக்கணக்கில் இருக்கும். காய்களை முந்தி இறக்கியது, எதிராளியின் ராஜா நடுவில் நிற்பது, அலையும் ராணி இவையெல்லாம் நுங்கு. நல்ல சிப்பாய் அமைப்பு, எதிராளியின் அடைபட்ட மந்திரி, கூடுதல் சிப்பாய் இவை ஒடியல்.

சிசிலியனில் 1. ஈ4 சி5 2. கு-எஃப்3 டி6 3. டி4 சி×டி4 4. கு×டி4. வெள்ளை காய்களை முந்தி இறக்குகிறது. கறுப்பிடம் நடுச் சிப்பாய் இரண்டு (டி, ஈ), வெள்ளையிடம் ஒன்று (ஈ). சி நிரலும் கறுப்புக் கோட்டைக்குப் பாதி திறந்திருக்கிறது. வெள்ளையிடம் நுங்கு, கறுப்பிடம் ஒடியல். இதில் வெள்ளை மெதுவாக ஆடினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு நன்மைக்கும் பக்கத்தில் நு அல்லது ஒ என்று எழுதுங்கள். "யாருக்கு நல்லம்" என்பதோடு "எவ்வளவு நேரத்துக்கு" என்பதும் அப்போதுதான் தெரியும்.

9. ஒரே வசனம்

இப்போது கொப்பியில் உள்ளதையெல்லாம் ஒரு வசனமாக்குங்கள். அதில் "ஏனெனில்" என்ற சொல் கட்டாயம் வரவேண்டும். அதற்குப் பின்னால் ஒரு கட்டத்தின் பெயரோ காயின் பெயரோ வரவேண்டும். "வெள்ளைக்கு நல்லம், ஏனெனில் காய்கள் நன்றாக நிற்கின்றன" என்பது வசனமே இல்லை. அதை எந்த நிலைக்கும் எழுதலாம். "வெள்ளைக்குக் கொஞ்சம் நல்லம், ஏனெனில் ஈ5 சிப்பாய் எஃப்6 கட்டத்தைப் பறித்திருக்கிறது, சி8 மந்திரி ஈ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டிருக்கிறது" என்று எழுதினால், அது பிழையா சரியா என்று சோதிக்க முடியும்.

முக்கிய காரணம் ஒன்று, துணைக் காரணம் ஒன்று. மூன்றாவது வேண்டாம். ஐந்து காரணம் எழுதும் பிள்ளைக்கு எது முக்கியம் என்று தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

10. இப்போதுதான் எஞ்சின்

லிசெஸ் தளத்தின் பகுப்பாய்வுப் பலகை இலவசம். ஸ்டொக்ஃபிஷ் என்ற எஞ்சின் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு வரிசை மட்டும் காட்ட விடாமல் மூன்று வரிசையாவது காட்டும்படி அமையுங்கள். கணினியில் எக்ஸ் விசையை அழுத்தினால் எதிராளியின் மிரட்டலைக் காட்டும். 3ஆம் படியில் நீங்கள் எழுதியதை அதோடு ஒப்பிடலாம்.

எண்ணின் பொருளைப் பலர் பிழையாக விளங்கியிருக்கிறார்கள். முன்பு +1.00 என்றால் ஏறக்குறைய ஒரு சிப்பாய் கூட என்று எடுத்தார்கள். 2022 கடைசியில் வந்த ஸ்டொக்ஃபிஷ் 15.1இலிருந்து, சம பலமுள்ள எஞ்சின்கள் ஆடினால் வெள்ளை வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்பதே +1.00 என்று அளவை மாற்றினார்கள். அது எஞ்சினுக்கு எஞ்சின் ஆடும் கணக்கு. உங்களுக்கும் எதிர் மேசைப் பிள்ளைக்கும் அது பொருந்தாது.

தொடக்க நிலையிலேயே வெள்ளைக்கு 0.2 முதல் 0.4 வரை காட்டும். முதல் நகர்வின் விலை அது. அதனால் எட்டாவது நகர்வில் 0.3 கண்டு "வெள்ளைக்கு நல்லம்" என்று எழுதினால் நீங்கள் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. பிரெஞ்சில் 3. ஈ×டி5 ஈ×டி5 என்று சிப்பாய்கள் ஒரே மாதிரி நிற்கும் நிலையில் வெள்ளையிடம் மிஞ்சுவது முறை மட்டும்தான். அப்படியான நிலைக்குக் காரணம் தேடி மினக்கெடாதீர்கள்.

ஆழம் (எஞ்சின் எவ்வளவு தூரம் முன்னே பார்க்கிறது என்ற எண்) ஏறும் வரை காத்திருங்கள். கைபேசியில் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கைபேசி சூடேறினால் எஞ்சின் மெதுவாகும், ஆழம் ஏறாது. எண் ஒரு நிமிடமாவது ஆடாமல் நின்ற பிறகே எழுதுங்கள்.

11. கழற்றிப் பார்த்தல்

எஞ்சின் "எவ்வளவு" என்று சொல்லும், "ஏன்" என்று சொல்லாது. ஆனால் அதை வைத்து ஏன் என்பதைக் கண்டுபிடிக்கலாம். நீங்கள் காரணம் என்று எழுதியதைப் பலகையிலிருந்து கழற்றிவிட்டு எண்ணைத் திரும்பப் பாருங்கள். எண் விழுந்தால் உங்கள் காரணம் சரி. அசையாவிட்டால் நீங்கள் எழுதியது அலங்காரம்.

நிலை திருத்தும் பலகையில் இதைச் செய்யலாம். உதாரணம்: பிரெஞ்சில் 3. ஈ5க்குப் பிறகு சி8 மந்திரியை எடுத்து எஃப்5இல் வையுங்கள், ஈ6 சிப்பாய் நிற்கட்டும். மந்திரி வெளியே வந்ததைக் கறுப்பின் ஒரு நகர்வாக எடுத்து, முறையை வெள்ளைக்கு மாற்றுங்கள். முறையை மாற்றாவிட்டால் கறுப்புக்கு ஒரு நகர்வு இலவசமாகப் போய்விடும். எண் எதனால் மாறியது என்று பிறகு பிரிக்கமுடியாது. வெள்ளையின் நன்மை குறைவதைக் காண்பீர்கள். அடைபட்ட மந்திரி காரணங்களில் ஒன்று என்பது அப்போது உறுதி.

திருத்தும் பலகையில் இரண்டு பொறி உண்டு. காஸ்லிங் உரிமைக்கான பெட்டிகளைத் தெரிவு செய்யாமல் விட்டால் எஞ்சின் ராஜா நடுவிலேயே கிடக்கும் என்று நினைத்துக் கணக்குப் போடும். எண் வேறாக வரும். கைக்கு வேலை குறைய, நிலையைப் பகுப்பாய்வுப் பலகையிலிருந்தே திருத்தும் பலகைக்கு அனுப்புங்கள். மற்றது, ஒரே நேரத்தில் இரண்டு காயை மாற்றுவது. ஒவ்வொன்றாகவே மாற்றவேண்டும்.

12. ஒரு நிலை, தொடக்கம் முதல் முடிவு வரை

பதினைந்து வயதுக்குட்பட்ட பிரிவில் அடிக்கடி வரும் நிலை:

1. ஈ4 ஈ5 2. கு-எஃப்3 எஃப்6 3. கு×ஈ5 ராணி-ஈ7 4. கு-எஃப்3 ராணி×ஈ4+ 5. ம-ஈ2. கறுப்பின் முறை.

கறுப்பு மூன்றாவது நகர்வில் 3... எஃப்×ஈ5 என்று குதிரையை எடுத்திருந்தால் 4. ராணி-எச்5+ வரும். 4... ஜி6 என்றால் 5. ராணி×ஈ5+ ராஜாவையும் எச்8 கோட்டையையும் சேர்த்து அடிக்கும். 4... ராஜா-ஈ7 என்றால் 5. ராணி×ஈ5+ ராஜா-எஃப்7 6. ம-சி4+ என்று ராஜா தெருவுக்கு வந்துவிடும். ஆகவே ராணி-ஈ7 ஆடிய கறுப்பு நன்றாகவே யோசித்திருக்கிறது.

அமைதியா? கறுப்பு ராணி சி2 சிப்பாயையோ எஃப்3 குதிரையையோ ஈ2 மந்திரியையோ (செக்கோடு) வெட்டலாம். மூன்றிலும் வெள்ளை அந்த ராணியைத் திருப்பி வெட்டும். வேறு வெட்டு இல்லை. அமைதி.

மிரட்டல்: வெள்ளைக்கு ஒரு இலவச நகர்வு கிடைத்தால் கு-சி3, ராணி ஓடவேண்டும். இன்னும் ஆழமாக: காஸ்லிங், கோ-ஈ1, பிறகு ஈ2 மந்திரி விலகினால் ஈ நிரலில் ராணிக்குப் பின்னால் ராஜா. ராணி அதற்குள் விலகாவிட்டால் ஆட்டம் முடிந்தது. கறுப்புக்கு மிரட்டல் ஒன்றுமில்லை.

காய்க் கணக்கு: ஆளுக்கொரு சிப்பாய் போனது. சமம்.

நகர்வுக் கணக்கு: வெள்ளை எஃப்3 குதிரை 1, ஈ2 மந்திரி 1, மொத்தம் 2. கறுப்பு எஃப்6 சிப்பாய் 1, ஈ4 ராணி 2, மொத்தம் 3. கறுப்பு முந்துகிறதே! இங்கேதான் கழிவு. ஈ4 ராணி அடி வாங்கித் திரும்பப் போகும் காய், 2ஐ வெட்டுங்கள். எஃப்6 சிப்பாய் எந்தக் காய்க்கும் வழி விடவில்லை, ஜி8 குதிரையின் நல்ல கட்டத்தை அடைத்தும் விட்டது, அதையும் வெட்டுங்கள். கறுப்புக்குப் பூச்சியம், வெள்ளைக்கு 2.

ராஜா: எஃப்7 காலியானதால் எச்5 முதல் ஈ8 வரை ஒரு மூலைவிட்டமும், சி4 முதல் ஜி8 வரை இன்னொன்றும் திறந்திருக்கின்றன. ஈ8இல் நின்றாலும் காஸ்லிங் செய்தாலும் தொல்லை. வெள்ளை அடுத்த நகர்விலேயே காஸ்லிங் செய்யலாம். கறுப்புக்கு ராஜா பக்கம் செய்யக் குறைந்தது இரண்டு காயை வெளியே எடுக்கவேண்டும்.

நடு: ஈ நிரல் திறந்திருக்கிறது, டி சிப்பாய்கள் இரண்டும் வீட்டில். இதில் வித்தியாசம் இல்லை; வேகமாகக் கடக்கலாம்.

வசனம்: "வெள்ளைக்குத் தெளிவாக நல்லம், ஏனெனில் ஈ4 ராணியை அடித்தடித்தே வெள்ளை தன் காய்களை இறக்கும் (நு), எஃப்6 சிப்பாய் குதிரையின் கட்டத்தை அடைத்து ராஜாவின் மூலைவிட்டங்களைத் திறந்துவிட்டது (ஒ)."

கழற்றுங்கள். முதலில் எஃப்6 சிப்பாயை எஃப்7க்குத் திருப்பி எண்ணை எழுதுங்கள். அதைப் பழையபடி வைத்து, ராணியை டி8க்கு அனுப்பி எண்ணை எழுதுங்கள். எந்த மாற்றத்தில் எண் கூட விழுகிறதோ அதுவே முக்கிய காரணம். வசனத்தில் அதை முதலில் வையுங்கள்.

13. அதிகம் இடறும் இடங்கள்

வெற்றி வீதத்தைக் காரணமாக எடுப்பது. தரவுத்தளத்தில் ஒரு நகர்வுக்கு வெற்றி கூட என்றால், பலமான ஆட்டக்காரர்கள் அதை விரும்பி ஆடியதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். லிசெஸ் ஓப்பனிங் தேடலில் உங்கள் மட்டத்து ஆட்டங்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள்.

நன்மை எவ்வளவு ஒடுங்கிய பாதையில் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது. இணையத்தில் பெடியள் அடிக்கடி போடும் எங்லண்ட் கம்பிட்டை எடுங்கள்: 1. டி4 ஈ5 2. டி×ஈ5 கு-சி6 3. கு-எஃப்3 ராணி-ஈ7 4. ம-எஃப்4 ராணி-பி4+ 5. ம-டி2 ராணி×பி2. இங்கே வெள்ளைக்கு நல்லம். கறுப்பு ராணி மூன்று நகர்வு ஓடியும் இன்னும் வெள்ளையின் வீட்டுக்குள் நிற்கிறது, 6. கு-சி3 ஆடினால் அடுத்து கோ-பி1 அதை விரட்டும். ஆனால் 6. ம-சி3 என்று ராணியை அடிக்கத்தான் கை போகும். அப்போது 6... ம-பி4! பின்னால் ராஜா நிற்பதால் சி3 மந்திரி கட்டுப்பட்டுவிட்டது. 7. ராணி-டி2 ம×சி3 8. ராணி×சி3 என்றால் 8... ராணி-சி1 மேட்; 8. கு×சி3 என்றால் ஏ1 கோட்டை போகும். எஞ்சினின் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில் பெரிய பள்ளம் இருந்தால், உங்கள் வசனத்தோடு அந்த ஒற்றை நகர்வையும் சேர்த்து எழுதுங்கள்: "வெள்ளைக்கு நல்லம், கு-சி3 கண்டால் மட்டும்."

தன் நிறத்துக்குச் சாதகமாகப் பார்ப்பது. பலகையைத் திருப்பி வைத்து, மற்றப் பக்கத்து வழக்கறிஞராக ஒரு வசனம் எழுதுங்கள். அந்தப் பக்கத்துக்கு ஒரு வார்த்தைகூட வராவிட்டால் 5ஆம், 8ஆம் படிகளை அவசரமாகச் செய்திருக்கிறீர்கள்.

கடைசியாக, அடுத்த நாள் கொப்பியை மூடிவிட்டு அதே நிலையைப் பலகையில் அடுக்கி, வசனத்தை வாயால் சொல்லிப் பாருங்கள். கட்டத்தின் பெயரோடு வந்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். எண் மட்டும் நினைவுக்கு வந்தால் 3ஆம் படியிலிருந்து திரும்பச் செய்யுங்கள்.